கோழித் தீனியும் அஞ்சறைப் பெட்டியும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனுக்கும் கோழித் தீனிக்கும் யாது சம்பந்தம் என்று தங்களுட் சிலர் ஐயுறுதல் கூடும். சம்பந்தம் உண்டு. யான் பாடஞ்சொல்லும் பள்ளியில் நண்பகற் சத்துணவோடு பிள்ளைகளின் தட்டில் முட்டை வைக்கப்படுகின்றது. அம்முட்டையை இடுங்கோழி எதைத் தின்றது என்பது அப்பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய விஷயம். அன்றியும், நம் சங்கத்தாருட் பலர் நாமக்கல்லில் முட்டைப் பண்ணையும், பல்லடத்தைச் சுற்றி இறைச்சிக் கோழிக் கொட்டகையும் வைத்து நடத்துகின்றனர். சென்ற கூட்டத்தில் அவர்களுள் ஒருவர் எழுந்து, “மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சளும் பூண்டும் போட்டுக் கோழி வளர்க்கலாமா? நம் பாட்டிமார் அப்படித்தானே வளர்த்தனர்?” என்று வினவினார். அதற்கு விடை தேடிப் படித்து வந்து சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் கால்நடை வைத்தியனல்லேன். ஆயினும் ஒரு கூற்றுக்குப் பிரமாணம் உண்டா, இல்லையா என்று பிரித்துப் பார்ப்பது பண்டிதனுக்குப் பழகிய தொழிலே. அத்துணிவால் இங்கே நிற்கின்றேன்.

நோயில்லாத கோழிக்கு மருந்தூட்டும் வழக்கம் எங்ஙனம் வந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1948-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டில் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் பி-12 என்னும் உயிர்ச்சத்தை நாடிக் கோழிக்குஞ்சுகளுக்குப் பலவகைத் தீனி கொடுத்துச் சோதித்து வந்தனர். ஆரியோமைசின் என்னும் மருந்தைத் தரும் நுண்ணுயிரை வளர்த்தெடுத்த பின் எஞ்சிய சக்கையைத் தீனியிற் கலந்தபோது, குஞ்சுகள் எதிர்பார்த்ததற்கு மேல் எடை கூடின. ஆராய்ந்ததில், உயிர்ச்சத்து மாத்திரமன்றிச் சக்கையில் ஒட்டியிருந்த சிறிதளவு மருந்தும் அதற்குக் காரணம் என்று தெரிந்தது. 1950-இல் இச்செய்தி உலகறிய வெளிவந்தது. அதன்பின் நோயாளிக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்தின் இனத்தைச் சேர்ந்தனவே மூட்டை மூட்டையாகத் தீனியிற் கலக்கப்பட்டன. ஆன்டிபயாடிக் என்று நாம் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையே சொல்கின்றேன்.

இதனால் விளைந்த தீங்கு யாது? களையெடுப்பவன் மேலோட்டமாக இளங்களையைக் கிள்ளிவிட்டு வேரோடிய களையை விட்டுவைத்தால், அடுத்த மழைக்கு வயல் முழுதும் அந்த வேரோடிய களையே நிற்கும். சிறுகச் சிறுக மருந்தூட்டுவதும் அத்தகையதே. மெலிந்த கிருமி மடியும். மருந்தைத் தாங்கவல்லது பிழைத்துப் பெருகும். அந்த வன்மையை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் வல்லது என்பது இதனினும் அஞ்சத்தக்கது. கொலிஸ்டின் என்றொரு மருந்து உண்டு. ஏனைய மருந்துகளுக்கெல்லாம் அடங்காத கிருமி ஒருவன் குருதியிற் புகுந்தபோது, வைத்தியர் கடைசியாகக் கையிலெடுப்பது அது. அந்த மருந்தைத் தாங்கும் வன்மை, கிருமிக்குக் கிருமி தாவும் வடிவில் சீனத்துப் பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் காணப்பட்டது என்று 2015-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். கால்நடைத் தீனியில் அம்மருந்து தாராளமாக வழங்கியதே அதற்கு மூலம் என்று கொண்டனர். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசாங்கம் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் அவற்றின் தீனிக்கும் கொலிஸ்டினைச் செய்தலும் விற்றலும் கூடாதெனத் தடைசெய்தது. சுவீடன் தேசம் 1986-லேயே வளர்ச்சிக்கென்று மருந்தூட்டுவதை நிறுத்திற்று. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் நிறுத்திற்று. நம் தேசத்திலோ, 2014-இல் டெல்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 70 கோழி மாதிரிகளை வாங்கி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தார் சோதித்ததில், 40 விழுக்காட்டில் மருந்தின் எச்சம் இருந்தது.

நம் வீட்டுக் குழந்தைக்குச் சுரம் கண்டு, வைத்தியர் கொடுத்த மருந்து கேளாமற்போகுங்கால், அதன் காரணம் எந்தக் கொட்டகையில் எப்போது விதைக்கப்பட்டதென்று யாரால் அறியவொண்ணும்? ஆதலின் அன்பர் வினவிய வினா வேடிக்கை வினா அன்று.

இனி, அஞ்சறைப் பெட்டியைத் திறப்போம்.

முதலில் ஓமம். ஐரோப்பாவில் மருந்தை நிறுத்தியவர்கள் தீனியிற் சேர்ப்பனவற்றுள் தைம், ஆரிகானோ என்னும் செடிகளின் எண்ணெய்கள் முதன்மையானவை. அவற்றின் வீரியம் தைமால், கார்வக்ரால் என்னும் இரு பொருள்களால் உண்டாவது. நம் ஓமத்தின் எண்ணெயில் பெரும்பங்காக இருப்பது அந்தத் தைமாலே. கைக்குழந்தைக்கு வயிறு பொருமினால் ஓமத்தண்ணீர் புகட்டிய கிழவி இப்பெயரை அறியாள், பொருளை அறிந்திருந்தாள். இவ்வெண்ணெய்கள் கிருமியின் மேலுறையிற் கரைந்து புகுந்து அதனைப் பொத்தலாக்குகின்றன. உள்ளிருப்பது கசிந்து கிருமி சோர்கின்றது. இலவங்கத்திலும் பட்டையிலும் உள்ள எண்ணெய்களுக்கும் இக்குணம் உண்டு. ஆயினும் அவை எளிதில் ஆவியாவன. அரைத்துத் திறந்து வைத்த ஓமப்பொடியில் மாதம் இரண்டு கழிந்தால் மணமும் இராது, குணமும் இராது.

பூண்டின் செய்தி வேறு. முழுப் பல்லில் அல்லிசின் என்னும் வீரியப் பொருள் இல்லை. நசுக்கும்போதே, தனித்தனி அறையில் இருந்த இரண்டு பொருள்கள் கலந்து அது உண்டாகின்றது. அப்போதுதான் அந்தக் காரமணமும் எழுகின்றது. பல்லை முழுதாக வேகவைத்துப் பின்னர் மசித்தால் அதனை உண்டாக்கும் நொதி வெப்பத்தால் அழிந்துவிடும், அல்லிசின் தோன்றாது. ஆகவே பச்சையாக நசுக்கிச் சிறிது நேரம் விட்டுக் கலப்பதே முறை.

மிளகாயைப் பற்றிச் சொல்லுமிடத்து ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடந்தருக. பழந்தமிழில் ‘கறி’ என்ற சொல்லே மிளகைக் குறித்தது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. போர்ச்சுகீசியர் கடல்வழி வந்த பின்னரே நம் தேசம் புகுந்தது. மிளகைப்போற் காரமுள்ள காய் என்று கண்டு, நம்மவர் அதற்குப் பழைய பெயரிலிருந்தே புதுப்பெயர் புனைந்தனர். ஆகவே மிளகாய் சேர்ந்த கோழி மருந்தை ‘ஆதிகாலத்து முறை’ என்று ஒருவர் விற்க வந்தால், அந்த ஆதிகாலம் 500 ஆண்டுக்கு மேற்பட்டதன்று என்று அறிக! நிற்க. ஒரு மிளகாய் கடித்தாலே நமக்குக் கண்ணீர் வருகின்றது. கோழியோ அதனைக் கொத்தித் தின்று நிற்கின்றது. காரத்தையும் சூட்டையும் உணரும் நரம்பின் வாயில் ஒன்று நமக்கும் கோழிக்கும் உண்டு. ஆயின் பறவைகளின் வாயில் மிளகாய்க் காரத்துக்குத் திறவாது. இதனை 2002-இல் விளக்கியவர்களுள் ஒருவரான டேவிட் ஜூலியஸ், அந்த நரம்பு வாயிலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-இல் நோபெல் பரிசு பெற்றார். விதையை மென்று நசுக்கும் விலங்கை விலக்கவும், விழுங்கிப் பரப்பும் பறவையை வரவேற்கவும் செடி கொண்ட உபாயம் அது என்பர். கோழி காரமறியாது உண்பதால் நமக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. 1990-களில் அமெரிக்காவில் மிளகாயின் காரச்சத்தைக் குஞ்சுகளின் தீனியில் தொடர்ந்து சேர்த்தபோது, சால்மொனெல்லா என்னும் கிருமி அவற்றின் உள்ளுறுப்புகளிற் புகுவது குறைந்தது. முட்டைவழி மனிதர்க்கு வயிற்றுக் கடுப்பைக் கொணரும் கிருமி அது.

மஞ்சளுக்கு வருவோம். ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் அது அண்டைவீட்டுப் பொருள். மஞ்சட்கருவுக்கு நிறந்தருவது மஞ்சள் என்று எண்ணுவாருண்டு. பெயரொற்றுமை செய்த மயக்கம் அது. கருவின் நிறம் பெரும்பாலும் மக்காச்சோளத்தினின்றும் பச்சிலையினின்றும் வருவது; சிவந்த மிளகாயின் நிறமும் கருவிற் சேரும். மஞ்சளின் குர்குமின் உடம்பில் மிகச் சிறிதே சேர்கின்றது. குடலில் நின்று வேலைசெய்வது ஒருபுறம் இருக்க, குருதிக்கு அது செல்லவேண்டுமாயின் துணை வேண்டும். 1998-இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், மிளகின் சத்தாகிய பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது மனிதர் உடம்பிற் குர்குமின் ஏறும் அளவு பன்மடங்காயிற்று. மஞ்சளோடு மிளகிட்டுப் பால் காய்ச்சும் நம் வழக்கத்துக்கு இதனினும் நல்ல உரை யான் கண்டதில்லை. ஆனால் மிளகு மற்ற மருந்துகளையும் அவ்வாறே மிகுதியாக ஏறச்செய்யக் கூடுமாதலால், கோழிக்கு வைத்தியம் நடக்குங்காலத்தில் மிளகு ஊட்டுவதை வைத்தியரிடம் சொல்லிவிடுதல் நன்று. சீரணத்தைப் பற்றியும் ஒரு சொல். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், மிளகு, இஞ்சி, சீரகம் முதலியன கணையத்தின் சீரண நீர்களை மிகுவிக்கின்றன என்று எலிகளிடம் கண்டனர். எலி கோழியன்று; ஆயினும் திசை தெரிகின்றது.

மஞ்சளின் மற்றொரு பயன் பூஞ்சை நஞ்சை எதிர்ப்பது. 1960-இல் இங்கிலாந்தில் 1,00,000-க்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே எமன் என்று தெளிந்து, அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் அது உண்டாகும். 2008-இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையில், மஞ்சள் அந்நஞ்சின் தீமையை ஒரு பகுதி குறைத்தது. ஒரு பகுதி என்பதைக் கவனிக்க. பூசணச் சோளத்தை வாங்கிப் போட்டு மஞ்சளால் கழுவிவிடலாம் என்று எவரும் எண்ணற்க.

இத்துணையும் கேட்டபின், “அப்படியாயின் இன்றே மருந்தை விட்டு மசாலையைப் பிடிப்போம்” என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். சோதனைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், ஓரிடத்தில் மஞ்சளிட்ட கோழி எடை கூடியது. மற்றோரிடத்தில் அதே அளவிட்டும் கூடவில்லை. காரணம் பல. மஞ்சளுக்கு மஞ்சள் குர்குமின் அளவு வேறு. பூண்டுக்குப் பூண்டு வீரியம் வேறு. அவற்றினும் பெரிய காரணம், கொட்டகையின் சுத்தம். அழுக்குக் கொட்டகையில் மருந்தின் பயன் மிகுதியாகத் தெரியும். சுத்தமான கொட்டகையில் மருந்துக்கே வேலை குறைவு, மசாலைக்கும் குறைவு. 1998-இல் டென்மார்க் தேசத்து இறைச்சிக் கோழிப் பண்ணையார்கள் வளர்ச்சி மருந்தைத் தாமாகவே நிறுத்தினர். எடையும் குறையவில்லை, சாவும் மிகவில்லை. தீனிச் செலவு சிறிது கூடிற்று. நிறுத்திய மருந்தின் விலை அதற்கு ஈடாயிற்று. இதனால் யான் கொண்ட அபிப்பிராயம் யாதெனின், மருந்தின் இடத்தில் முதலில் வந்து அமரவேண்டியது உலர்ந்த தரைப்பரப்பும், நல்ல காற்றும், சுத்தமான தண்ணீரும். மசாலை அவற்றுக்குத் துணை. இவ்வரிசையை மாற்றியவர் மஞ்சளுக்கும் பணமிழப்பர், கோழியையும் இழப்பர்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு விண்ணப்பம். வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் வெள்ளைக்கழிச்சல் கண்டால் சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பது வழக்கம். தஞ்சையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை ஆராய்ச்சி மையத்தார் இத்தகைய முறைகளை ஆராய்ந்து கற்பித்து வந்திருக்கின்றனர். யான் அதனை இகழவில்லை. ஆயினும் இமயமலைச் சாரலின் ராணிக்கெட் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் அந்நோய் கிருமியினும் நுண்ணிய வைரசால் வருவது. அது தெருவிற் புகுந்தபின் உருண்டை கொடுத்துத் தேறும் கோழி சில. மாளும் கோழி பல. வருமுன் காப்பது தடுப்பூசி ஒன்றே. கால்நடை மருந்தகத்தில் அதற்கு வழி உண்டு. உருண்டை கொடுக்கிறோமே என்று தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

இனிக் கணக்கு. இறைச்சிக் கோழி ஒன்று விற்பனைக்கு வரும்வரை சுமார் 3.2 கிலோ தீனி தின்னும். சோதனைகளிற் பெரும்பாலும் எடுத்தாளப்படும் அளவுகளுள் ஒன்று கிலோவுக்கு 5 கிராம் மஞ்சள். ஆகக் கோழியொன்றுக்கு 16 கிராம். 5,000 கோழிக்கு 80 கிலோ. மஞ்சள் கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12,000 ரூபாய். முட்டைக்கோழி நாளொன்றுக்கு 110 கிராம் தின்னுமாயின், 10,000 கோழிக்கு 1,100 கிலோ தீனி, 5.5 கிலோ மஞ்சள், 825 ரூபாய். ஆண்டுக்கு 3 லட்சம் ஆகின்றது. தலை சுற்றுகின்றதா? ஒரு கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுமாயின் முட்டையொன்றுக்கு 10 காசு. இது தாங்குமா, தாங்காதா என்பது பண்ணையாரின் தீர்ப்பு.

கணக்குப் பார்ப்பவர் ஆண்டு முழுதும் இட்டுவிட்டு ஆண்டுக் கடைசியிற் பார்க்கவேண்டா. ஒரே நாளில் வந்த குஞ்சுகளை ஒரே கொட்டகையில் இரண்டு தடுப்பாகப் பிரித்து, ஒன்றுக்கு மஞ்சளிட்ட தீனியும் மற்றதற்கு வெறுந்தீனியும் கொடுங்கள். தின்ற அளவு, எடை, சாவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒருமுறை கூடினால் நம்பாதீர்கள். மூன்றுமுறை கூடினால் நம்பலாம். நாமக்கல் அன்பர்கள் தாமே தீனி அரைத்து மாவாகவே இடுகின்றவர்கள். அவர்களுக்கு இச்சோதனை எளிது. மசாலைப் பொடியை முதலிற் சிறிது சோளமாவோடு நன்றாகப் பிசிறிப் பின்னரே பெருங்குவியலிற் சேர்க்க. இல்லையேல் ஒரு கோழிக்குக் கைப்பிடி மஞ்சளும் மற்றொன்றுக்கு ஒன்றுமில்லாமையும் வாய்க்கும்.

வாங்குமிடத்தும் விழிப்பு வேண்டும். பொடியாக வாங்காதீர்கள்; விரலியாகவோ கிழங்காகவோ வாங்கி அரையுங்கள். நிறம் மிகுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட்டு என்னும் சாயம் சேர்க்கும் கொடுமை வங்காளதேசத்தில் நடந்தமையை 2019-இல் ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். கோழி தின்ற ஈயம் முட்டைக்குள் வரும். விலைமலிவென்று வாங்கிய கழிவு மிளகாயில் முன்சொன்ன பூஞ்சை நஞ்சு இருத்தலும் கூடும். மருந்தை விலக்கப்போய் விஷத்தை ஊட்டலாகாது.

இறுதியாகப் பல்லடத்து அன்பர்களின் நிலை. அவர்களுட் பெரும்பாலார் கம்பெனிக்குக் கூலிக்கு வளர்ப்பவர்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் தண்ணீரும் மின்சாரச் செலவும் உழைப்பும் இவர்களுடையவை. தீவன மூட்டையில் என்ன இருக்கின்றது என்பதை அவிழ்ப்பவரும் அறியார். அவரிடம் போய், “மஞ்சள் போடுக, மருந்து நிறுத்துக” என்று உபதேசம் செய்வது நியாயமன்று. அவர் ஒப்பந்தத்துக்கு மாறாக ஒளித்துக் கலந்தால் வளர்ப்புக் கூலியே நின்றுபோகும். தீவனத்தில் என்னென்ன மருந்து, எவ்வளவு, விற்பனைக்கு எத்தனை நாளைக்கு முன் நிறுத்தப்படுகின்றது என்று கேட்கும் உரிமை மாத்திரம் அவருக்கு உண்டு. தனியாக ஒருவர் கேட்டால், அடுத்த முறை அவருக்குக் குஞ்சு வாராமற்போகலாம். நூறுபேர் சேர்ந்து கேட்டால் அங்ஙனம் செய்வது அரிது.

அதன்பொருட்டு, எந்தக் கம்பெனியின் பெயரையுங் குறியாமல், எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பத்தக்க விண்ணப்பம் ஒன்றை எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். தீவன மூட்டைதோறும் மருந்தின் பெயரும் அளவும் தமிழில் அச்சிட்ட சீட்டு ஒட்டவேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். பிழை திருத்தமெல்லாம் முடிந்தது. கூட்டம் கலையுமுன் வாயிலருகே மேசைமேல் இருக்கும். கூலிக்கு வளர்ப்போர் மாத்திரமன்றி, முட்டை வாங்கித் தின்போரும் கையெழுத்திடலாம்.